அந்த டிஸ்க்கில் எண்ணெய் விட்டுவிடாதே

வித்யாரண்யபுரம், மைசூரு
புதன்கிழமை இரவு

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. இந்தக் கடிதத்தை நீ பிரிக்கிற நேரத்தில் உன் புது சைக்கிள் முகாம் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும், நீ அதன் பக்கத்தில் முழுசாக நிற்க வேண்டும், வேறொன்றும் இப்போது எனக்கு வேண்டாம். கண்ணு, முதலில் இதைப் படி. போன ஞாயிறு போனில் சொன்னேனே, பிரேக் கிரீச்சென்று கத்தினால் சக்கரத்து நடுவில் இருக்கிற அந்த வட்டத் தகட்டில் ரெண்டு சொட்டு மிஷின் எண்ணெய் விடு என்று, அதைச் செய்யாதே. செய்துவிட்டாய் என்றால் சைக்கிளில் ஏறாதே. பக்கத்தில்தானே என்றுகூட ஏறாதே.

நீ அன்றைக்கே தயங்கினாய். டிஸ்க்குக்கு எண்ணெய் கூடாதுன்னு எங்கியோ படிச்ச மாதிரி இருக்கும்மா என்றாய். இருபது வருஷமாத் தையல் மிஷின் மிதிக்கிறேன், எது கத்தினா எங்க எண்ணெய் விடணும்னு எனக்குத் தெரியாதாடி என்று அடித்துப் பேசியது நான்தான். போதாததற்குப் போன மாதப் பார்சலில் நீ கொறிக்க வைத்த நிப்பட்டோடு அந்த எண்ணெய்ப் புட்டியையும் வைத்து அனுப்பியவளும் நான்தான். பி.காம். கடைசி வருஷத்தில் கல்யாணமாகி மறு வருஷமே உன்னைப் பெற்றேன், உன்னோடு சேர்ந்தே வளர்ந்தவள் மாதிரி, உனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு என்று மல்லுக்கு நிற்கிற நீ, அருணாசலப் பிரதேசத்துக் காட்டில் பறவை எண்ணுகிற வேலைக்குப் போகாதே என்று நான் அழுதபோதுகூடக் கேட்காத நீ, இதற்கு மட்டும் சரிம்மா, நீ சொன்னா சரி என்று போனை வைத்துவிட்டாய். அந்தச் சரி நேற்றிலிருந்து என்னைத் தின்கிறது.

நேற்று என்ன நடந்தது என்றால், நீ அங்கே பெடல், கைப்பிடி, அகல டயர் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறாயே, நானும் இங்கே கற்றுக்கொள்ளலாம் என்று உன் காலேஜ் சைக்கிளை வெளியே எடுத்தேன். அதுவும் உன் புதுசு மாதிரி விலை குறைந்த கியர் சைக்கிள்தானே, இருபத்தொரு கியரில் மூன்றுதான் விழுகிறது. திங்கட்கிழமை செயினை மண்ணெண்ணெயில் துடைத்து எண்ணெய் போட்டேன், அது சரிதானாம். அப்படியே முன்னும் பின்னும் டிஸ்க்குக்கும் தாராளமாக விட்டேன். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன், சத்தமே இல்லை, எனக்கு அவ்வளவு பெருமை. நேற்றுக் காலை மலை அடிவாரச் சரிவில் இறங்கினேன். இரண்டு பிரேக்கையும் அழுத்துகிறேன் ஜீவி, கை நோக அழுத்துகிறேன், சைக்கிள் நான் ஒருத்தி மேலே இருப்பதே தெரியாத மாதிரி ஓடுகிறது. எதிரே பால் வண்டி. கட்டுகிற வீட்டு வாசலில் மணல் குவித்திருந்தார்கள், அதில் போய் விழுந்தேன். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அப்பாவிடம் பாத்ரூமில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். நீ இறங்குகிற பாதையில் மூன்றாவது வளைவு தாண்டினால் கைப்பிடி இல்லாத மரப்பாலம் என்றாயே. அங்கே யாரும் மணல் கொட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

சைக்கிளை ஆட்டோவில் ஏற்றி ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார உமேஷ் தகட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏன் அக்கா, இட்லித் தட்டா இது, எண்ணெய் தடவி வெச்சிருக்கீங்க, பிரேக்குக்குச் சங்கு ஊதிட்டீங்களே என்று சிரித்தான். என் மகளுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன் என்றேன். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

உங்கள் ஆபீசுக்கு ஆறு முறை போன் செய்தேன். முகாமில் போன் இல்லை, சனிக்கிழமை சாமான் ஜீப் போனால்தான் சேதி போகும் என்கிறார்கள். ஒன்பது கிலோமீட்டர் கீழே கடைத்தெருவில்தான் உனக்கு சிக்னல். நீ இறங்கி வந்த பிறகுதான் இறங்காதே என்று நான் சொல்ல முடியும். எனக்குப் போன் பண்ணத்தானே கண்ணு நீ ஒவ்வொரு ஞாயிறும் இறங்குகிறாய். நல்ல வேளை, உன்னோடு வேலை பார்க்கிற முரளிதரன் லீவு முடிந்து நாளைக் காலை இங்கேயிருந்து கிளம்புகிறார், அதே ஜீப்பில்தான் மேலே வருவாராம். வாயாலும் சொல்லிவிட்டேன். ஆனால் நீ யார் சொன்னாலும் ஏன் என்று கேட்பாய், அதனால்தான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

இதோடு வருகிற பொட்டலத்தில் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் இரண்டு ஜோடி இருக்கிறது. நீ அனுப்பிய படத்தைப் பார்த்து, வட்டமானதுதான் பொருந்தும் என்று உமேஷ் எடுத்துக் கொடுத்தான். எண்ணெய் பட்டிருந்தால் பழைய பேடைத் தூக்கிப் போடு, அது பஞ்சு மாதிரி குடித்துவிடுமாம், சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. தகட்டை, முகாம் முதலுதவிப் பெட்டியில் ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் இருக்கும், அதால் துடை, துணி கறுக்காமல் வருகிற வரைக்கும் துடை. பிறகு விரல் படக் கூடாது. புதுப் பேடு உடனே பிடிக்காது, சமதரையில் மெதுவாக ஓட்டி இருபது முப்பது தடவை பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். கடைசியில் இறங்கி நின்று முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு முன்னால் தள்ளு, பின்சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் சைக்கிள் அங்கேயே கிடக்கட்டும்.

கொள்ளேகால் கனகா அத்தை வீட்டில் குமாருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், நீ வருவாயா என்று கேட்டார்கள். அப்பாவுக்கு இந்த வாரமும் நஞ்சன்கூடு பாக்டரியில் இரவு ஷிப்ட். அவர் இந்நேரம் வீட்டில் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் கறந்திருப்பார். என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை, வேறு எதையாவது எழுதினால் நெஞ்சு அடங்குமா என்று பார்த்தேன், அடங்கவில்லை. ஜீப் தாமதமானால் என்ன செய்வது, நீ சனிக்கிழமையே ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தால் என்ன செய்வது. முரளிதரனிடம், சாமானை அப்புறம் இறக்குங்க சாமி, முதல்ல இதை அவள் கையில் குடுங்க என்று கும்பிட்டே சொல்லியிருக்கிறேன். அவர் பயந்துவிட்டார் பாவம்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் மகளே, உனக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது. ஒன்றே ஒன்று. இந்த ஞாயிறு எனக்குப் போன் பண்ணாதே. பெற்றவள் இப்படி எழுதுவாளா என்று நினைக்காதே. நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். அது அடிக்காவிட்டால் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

உன் அம்மா
சுலோசனா