டார்ஜிலிங்குக்கு ஆறாவது ஆள்

சால்ட் லேக், கொல்கத்தா
வியாழக்கிழமை

சிரஞ்சீவி கிரீஷுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பா, அத்தை, நான் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மெல்போர்னில் நீயும் மஹிமாவும் குழந்தை மேக்னாவும் எல்லா விதத்திலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். இந்தச் சின்ன ஃப்ளாட்டில் உன்னிடம் தனியாகப் பேச எனக்கு இனி ஒரு பாஷை இல்லை, அதனால்தான். உனக்குத் தமிழ் படிக்கத் தடுமாறும் என்று தெரியும், தடுமாறினாலும் நீயே எழுத்துக்கூட்டிப் படி, மஹிமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ ஜனவரி டார்ஜிலிங் பயணத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாயே, அதைப் பற்றித்தான். ஐந்து பேர் என்றால் இரண்டு அறை, ஒரு சின்னக் கார், ஆறாவது ஆள் வந்தால் மூன்றாவது அறை, பெரிய வண்டி, அதனால் அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று பெங்காலியில் சொன்னாய். அத்தைக்குப் பெங்காலியில் சொல்கிற பிஷி என்றால் அவளுக்குப் புரிந்துவிடும் என்று அந்த வார்த்தையைக்கூட விட்டுவிட்டு ஆறாவது ஆள், ஆறாவது ஆள் என்றே பேசினாய், என்ன சாமர்த்தியம். நான் மட்டும் என்ன, நானும் பெங்காலியிலேயே, ஆமாம் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்று ஒத்துப் பாடினேன். அப்பா பஜாருக்குப் போயிருந்தார். அத்தை எனக்கு எதிரே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள், அவள் கை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவளுக்கு வாங்கும் பிறந்தநாள் சாமான், அப்பாவின் ஆபரேஷன் என்று அவள் காதில் விழக்கூடாததை எல்லாம் நாம் பெங்காலியில் பேசிப் பேசிப் பழகிவிட்டோம், அவள் கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது என்பதே நமக்கு உறைக்கவில்லை.

நேற்று மாலை நான் பால் வாங்கிக்கொண்டு படியேறும்போது நம் வாசலில் அத்தையின் குரல் கேட்டது. மேல் மாடி மாமி மித்ரா பௌதி, காளி பூஜைக்கு வாங்கிய புடவைக்கு ஃபால் தைக்கக் கொடுத்திருந்ததை வாங்கிப் போக வந்திருந்தாள். அத்தை அவளிடம் தங்குதடை இல்லாமல் பெங்காலி பேசிக்கொண்டிருந்தாள். நீயும் போகிறாய்தானே என்று பௌதி கேட்டதற்கு, அண்ணா மன்னி கிரீஷ் எல்லோரும் வா வா என்றுதான் சொல்கிறார்கள், எனக்குத்தான் குளிர் ஆகாது, வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே என்றாள். என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. நம்மை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் கிரீஷ், நான் படியில் பால் பாக்கெட்டோடு நிற்கிறேன். இந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்குப் புடவைக்கு ஃபால் அடித்துக் கொடுக்கிறவளுக்கு அவர்கள் பாஷை வராது என்று நாம் எப்படி நினைத்தோம் சொல்லு.

பௌதி போனதும் மெதுவாகக் கேட்டேன், எப்போது கற்றுக்கொண்டாய், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "கிரீஷுக்குத் தமிழ் சரியா வரலை மன்னி, போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல என்னோட பேச மாட்டேங்கறான். அவன் பாஷையைக் கத்துண்டா பேசுவான்னு நெனச்சேன். இந்தத் தடவை வரச்சே பேசிக் காட்டலாம்னு இருந்தேன்." அவ்வளவுதான், எழுந்து போய் அரிசி களைந்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். இன்று காலை தன்னுடைய கம்பளிச் சால்வையைத் துவைத்து உலர்த்தி என் பெட்டியில் வைத்திருக்கிறாள், மேக்னாவுக்குப் போர்த்த ஆகுமாம்.

அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. இங்கே வெலிங்டன் சதுக்கத்தில் மலையிலிருந்து வரும் பூட்டியாக்கள் ஸ்வெட்டர் கடை போட்டுவிட்டார்கள், தங்கை நாகலக்ஷ்மிக்கு ஒன்று வாங்கி வருகிறேன் என்று தினமும் கிளம்புகிறார், நான் ஏதேதோ சாக்குச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். கிடர்பூர் ஆபீஸில் இருந்த காலத்திலேயே அவர் கோபம் பேர் போனது, தங்கையை விட்டுவிட்டுப் போகத் திட்டம் போட்டோம் என்று தெரிந்தால் டார்ஜிலிங்கும் கிடையாது, உன்னோடு பேச்சும் கிடையாது. சியால்டாவிலிருந்து ரயில் டிக்கெட்டை சனிக்கிழமை எடுக்கப் போவதாகச் சொன்னாய், அதற்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

நீ சிக்கனமாக இருப்பதில் எனக்குப் பெருமைதான், கேலி செய்யவில்லை. வீட்டுக் கடனையும் கட்டிக்கொண்டு எங்களையும் அழைத்துப் போக நினைக்கிறாயே, அதுவே பெரிது. ஆனால் மிச்சம் பிடிக்க வேறு வழியா இல்லை. ஒரு வாரத்தை நாலு நாளாக்கு, பெரிய வண்டிக்கு அதிலேயே வந்துவிடும். மலையைப் பார்க்கிற ஜன்னல் உள்ள அறைக்குத் தனி வாடகை கேட்கிறார்கள் என்றாயே, அது வேண்டாம், வெளியே வந்து நின்றால் மலை தெரியாதா. எங்கள் அறையிலேயே ஒரு மெத்தை கூடப் போடச் சொல்லு, அத்தையும் நானும் கட்டிலில் படுத்துக்கொள்கிறோம், குறட்டை விடுகிற அப்பா கீழே படுக்கட்டும். ரயிலுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் நான் கட்டிக் கொண்டுவருகிறேன்.

குழந்தைக்குக் காது மூடுகிற குல்லா மறக்காமல் எடுத்து வா. மஹிமாவை ராத்திரி கண் விழித்து வேலை பார்க்க வேண்டாம் என்று சொல்லு. எல்லோரும் தீர்க்காயுசாக, மனசு கோணாமல் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று காளிகாட் அம்மாவை வேண்டிக்கொள்கிறேன். நாளைக்கே போன் பண்ணு, என்னைக் கூப்பிடாதே, அத்தையைக் கூப்பிடு, பெங்காலியிலேயே கூப்பிடு. அவள் குளிர் ஆகாது என்றுதான் சொல்வாள், நீ விடாமல் கேள். அப்படியும் அவள் வரவில்லை என்றால் சனிக்கிழமை நாலு டிக்கெட் எடுத்தால் போதும், வீட்டைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாவித்ரி