முட்டு வலிக்காரர் சுற்றிப்போன வழி

அண்ணாச்சி,

நேற்று மதினி என் கடைக்கு வந்து ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார்கள். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. தண்டவாளத்தை அத்துமீறிக் கடந்ததற்கு நீங்கள் கோர்ட்டில் அபராதம் கட்டிய ரசீது. அதே குற்றத்துக்கு போலீஸ் என்னைப் பிடித்ததற்கு நான்கு நாள் முந்தைய தேதி. அன்று நான் ஆலங்குளத்தில் மச்சினன் கல்யாணத்தில் இருந்தேன்.

பாவூர்சத்திரம் சந்தைக்கு நாம் தினமும் வேலி உடைந்த இடம் வழியாகத்தான் போவோம். ரயில்வே கேட் வழியாகச் சுற்றினால் ஒரு மைல். நான் ஊர் திரும்பிய மறுநாள் காலை, சாரலில் வேலிவரை கூடவே வந்துவிட்டு, "முட்டு வலிக்குலே. நான் கேட் வழியா வாரேன், நீ போ" என்றீர்கள். முட்டு வலிக்காரர் ஒரு மைல் சுற்றிப்போவாராம். அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பக்கம் இறங்கியதும் ரயில்வே போலீஸ்காரர் கையைப் பிடித்து, "கூட வார ஆளு எங்க?" என்று கேட்டபோதுதான் உறைத்தது, போலீஸ் நிற்பது உங்களுக்கு முன்பே தெரியுமென்று.

ஆறு மாதம்வரை உள்ளே போடலாமாம். அபராதத்தோடு விட்டார்கள். கோர்ட் வாசலில் என் பெயரைக் கூவியபோது உடம்பே கூசியது. காட்டிக்கொடுத்தது நீங்கள்தான் என்று முடிவுகட்டினேன். அப்புறம் நீங்கள் சிரித்தால் நடிப்பு, சிரிக்காவிட்டால் குற்றக் குறுகுறுப்பு. இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பையன் போலீஸ் வேலைக்கு எழுதியிருந்தாம்லா. அப்பன் மேல கேஸ்னு தெரிஞ்சா வேலை போயிரும்னு பயந்தாவ" என்றார்கள் மதினி. "உங்ககிட்டச் சொன்னா சந்தை பூரா தெரிஞ்சிரும்னு மூச்சு விடல. இப்பம் அவன் வேலைல சேந்துட்டான். இனி ஒளிச்சு என்ன?"

என் வாயைப் பற்றி நீங்கள் நினைத்தது சரிதான். ஆனாலும் ஆத்திரம் வருகிறது. 'போலீஸ் நிக்கான்' என்று இரண்டு வார்த்தை போதாதா? நீங்கள் பிடிபட்ட அன்று 'இன்னொருத்தனும் வருவான்' என்று உளறியிருப்பீர்களோ என்று என் கோணல் புத்தி இப்போதும் துருவுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் இல்லை.

போன ஐப்பசியில், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், என் வீட்டுக்கு வந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. அன்று என் மனைவி வாசலில் நின்று, "அவங்க ஊர்ல இல்லியே அண்ணாச்சி" என்றாள். "சரிம்மா. அவன்கிட்ட ஒரு விசயம் சொல்லணும். வந்தா சொல்லு" என்று மெல்லப் படியிறங்கினீர்கள்.

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன், அண்ணாச்சி. அவளை அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான்.