கலிங்கில் நின்றவள்

எழுப்ப மனம் வரவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. காய்ச்சல் மாத்திரை தலைமாட்டில் இருக்கிறது.

மண்வெட்டியைத் தேடாதே. என் டிரைவர் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். வீட்டில் விட்டால் நீ மறுபடி அணைக்குக் கிளம்பிவிடுவாய்.

நேற்று நான் வேலை முடிந்து வரும்போது, கொட்டுகிற மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கை அடைத்திருந்த கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தாய். இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் தண்ணீர் கரைமேல் வழிந்து, மண் அணை மொத்தமும் கரைந்திருக்கும். கீழ்த்தெருக் குழாய்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. எல்லாம் சரி, தனியாக ஏன் இறங்கினாய்? கேட்டால், "உங்களுக்கு போன் போட்டுட்டு உக்காந்திருந்தா தண்ணி காத்திருக்குமா?" என்கிறாய். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கரையில் ஒரு விரிசல்கூட இல்லை. நம் நிலத்தில் நீ அணை கட்டுகிறாய் என்றதும் சிரித்தாரே சலூன்காரர், அவர் குடையோடு அங்கே நின்றார்.

"அணை நின்னுடுச்சேப்பா" என்றார்.

"அவ நின்னா, அதான் அதுவும் நின்னுச்சு" என்றேன்.

கீழ்த்தெரு டீச்சர் உன்னைப் பார்க்க வருகிறாராம். படுத்துக்கொண்டே பேசு.

இன்னொன்று. அடுத்த பெருமழைக்கு லீவு போட்டுவிட்டு நானும் இறங்குவேன். எனக்கு நீச்சல் தெரியாது, நீதான் பிடித்துக்கொள்ள வேண்டும்.