‘சஃபர்’ என்ற சொல்லின் இன்னொரு பொருள்

என்னைத் தூரத்தில் கண்டதுமே சிரிக்கத் தொடங்கிவிடும் என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பிரிக்பீல்ட்ஸில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. எங்கள் வாசகசாலைக்குப் புதிய ஆங்கில அகராதி வந்திருக்கிறது. அதைத் திறக்க எல்லோருக்கும் பயம். ஆகையால் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் நான் புலி என்று இங்கே இன்னும் நம்புகிறார்கள்.

வந்த அன்றே ‘சஃபர்’ என்ற வினைச்சொல்லைத் தேடினேன். துன்பப்படு என்பது முதல் பொருள். அது உங்களுக்கும் தெரியும். பழைய நடையில் இடங்கொடு, அனுமதி என்றும் பொருள். கீழே நின்று தாங்குவதுதான் அந்தச் சொல்லின் மூலமாம். அதன் சுற்றமும் பெரியது. ‘சஃபரன்ஸ்’ என்றால் உரிமையில்லாதவனை விரட்டாமல் விட்டுவைப்பது. ‘இன்சஃபரபிள்’ என்றால் சகிக்க முடியாதது. அதற்கு அகராதி உதாரணம் தரவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. நம்முடைய ‘பொறு’ என்ற சொல்லும் தாங்கு, காத்திரு, மன்னி என்று மூன்று வேலை பார்க்கிறது. இதில் எதை நான் உங்களிடம் கேட்பது?

தண்டவாள வேலையில் கால் நசுங்கிய பிறகு, இன்னும் ஆறு மாதம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தீர்கள். பதில் வந்த அன்று மாலையே கோலை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள்.

“தம்பி, தொரை நல்லவருடா! ‘யூ வில் நாட் பி சஃபர்ட்’னு எழுதியிருக்காரு பாரு. நீ கஷ்டப்பட மாட்டேன்னுட்டாரு. ‘ரிமெய்ன்’னு வேற போட்டிருக்கு. இங்கேயே இருன்னு!”

முப்பதாம் தேதிக்குப் பிறகு அந்த வீட்டில் தங்க விடமாட்டோம் என்று எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தேன்.

“ரொம்ப மரியாதையான இங்கிலீஷ், அத்தான்” என்றேன். அது பொய்யில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஏன் சொல்லவில்லை? உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வேடிக்கை அவ்வளவு நன்றாக இருந்தது, அதுதான். மறுநாளே வாசகசாலையில் சொன்னேன். சிரித்தார்கள். இரண்டு பேர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். உங்களிடம் நாளைக்குச் சொல்லலாம் என்றே மூன்று வாரம் போயிற்று. அதற்குள் இன்னொரு மனு எழுதியிருக்கலாம். நீங்களோ சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

முப்பத்தோராம் தேதி காலை பியூன் பூட்டோடு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நீங்கள் கடிதத்தை நீட்டினீர்கள்.

“அண்ணே, இருக்க விடமாட்டோம்னுதானே இதுல போட்டிருக்கு” என்றான் அவன்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். “தம்பி, நீ படிச்சியேடா?”

“நானும் தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்டேன், அத்தான்.”

உங்கள் முகம் தெளிந்ததே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, “பார்த்தியா, இவனுக்கே புரியலைன்னா எனக்கு எப்படிப் புரியும்?” என்றீர்கள். பாத்திரங்களை மாட்டுவண்டியில் ஏற்றும்போது என் முதுகைத் தட்டி, “விடுடா, மனசுல வச்சுக்காதே” என்று எனக்கே ஆறுதல் சொன்னீர்கள்.

பிறகு கிள்ளானில் ஒரே அறை. மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம். அந்த ஈரமா, காலா, எது உங்களைக் கொண்டுபோனது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா அதே அறையில் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள். “எந்தம்பிக்கே புரியாத இங்கிலீஷ்ல எழுதி எங்களை வெளியே அனுப்பினாங்க” என்று பக்கத்து வீட்டாரிடம் இன்றும் சொல்கிறாள். அதில் அவளுக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தரும் காப்பியைக் குடிக்கிறேன்.

அன்று சிரித்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயிலேறி, இதை நானே அவளுக்குப் படித்துக் காட்டுவேன், அத்தான். ஒரு வரியும் விடமாட்டேன். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் என்னை விடுவதும் விடாததும் அவள் விருப்பம்.

அர்த்தம் தெரிந்தும் சொல்லாத,
உங்கள் மைத்துனன்