வாசலில் கட்டாத வேப்பிலை

ஓசூர்,
ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சௌமியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஜெர்மனியில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே அப்பா ஷிப்டுக்குப் போய்வருகிறார், நான் சமைக்கிறேன், இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நாள் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இது அவருக்கும் தெரியாத விஷயம். மாமா பையன் ஹரீஷ் போய்விட்டான் என்று சொன்ன அன்று, குழந்தைக்கு அம்மை எப்படிம்மா வந்துச்சு என்று நீ அழுதுகொண்டே கேட்டாய். தேர்க் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். அது பொய். உண்மையை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

மார்ச் 13 வியாழக்கிழமை முதல் 16 ஞாயிற்றுக்கிழமை வரை நம் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். அப்பா, நான், என் தம்பி திம்மராயன், அவன் மனைவி கெம்பம்மா, அவர்கள் பெண் கவிப்ரியா, வயது ஆறு, பையன் ஹரீஷ், வயது இரண்டு முடிந்து நான்கு மாதம். மாடி வீட்டு நாராயணம்மா சனிக்கிழமை தயிர் கொடுக்க வந்தாள், வாசலோடு கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். வேறு யாரும் வரவில்லை. இதைச் சரியாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கிருந்து வந்தது என்று வெளியில் தேடத் தேவையில்லை.

உன் மாமா நம் வாசப்படி மிதித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. நீ பிறந்தபோதே உன்னை அவனுக்கு என்று பேசிவைத்ததும், நீ மாட்டேன் என்றதும், இனிமேல் இந்த வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட வரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போனதும் உனக்குத் தெரியாததல்ல. நீ மாட்டேன் என்றது தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படி. அவன் தளிப் பக்கம் கெம்பம்மாவைக் கட்டிக்கொண்டு, தோட்டம், முட்டைகோஸ் என்று அங்கேயே இருந்துவிட்டான். இரண்டு பிள்ளைகள் பிறந்ததையும் யாரோ சொல்லித்தான் கேட்டேன், ஒன்றையும் பார்க்கப் போகவில்லை. அப்படிப்பட்டவன் மார்ச் மாதம் அவனாகவே போன் செய்து, மலைக்கோயில் தேருக்கு வரலாம்னு இருக்கோம், உங்க வீட்ல தங்கலாமாக்கா என்று கேட்டான். அன்றைக்கெல்லாம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பாய், போர்வை எல்லாம் துவைத்துக் காயவைத்தேன், கதவுக்கு எண்ணெய் போட்டேன்.

புதன்கிழமை இரவு அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போதே உடம்பு கொதித்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். முதுகில் நாலைந்து சிவப்புத் தடிப்பு இருந்தது. லேத் மெஷினில் ஊற்றுகிற கூலண்ட் பட்டுப்பட்டு அவருக்கு அப்படி வருஷத்தில் நாலு தடவை வரும் என்பதால் இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பத்தே முக்காலுக்குத் தம்பி வந்து கேட்டிலேயே நின்றான். பையன் தோளில், பெண் கையில், பின்னால் கெம்பம்மா ஒரு மூட்டை பீன்ஸோடு. உள்ளே வராமல், என்னக்கா, வாய் விட்டுக் கூப்பிட மாட்டியா, கூப்பிடாம வந்தான்னு நாளைக்குச் சொல்லிக் காட்டுவ என்றான். காய்ச்சலோடு எழுந்து வந்த அப்பா, ஒம்போது வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதாய்யா என்றார். வழியெல்லாம் தெரியும் மாமா, பஸ்ஸுதான் இல்ல என்றான் அவன். தளியிலிருந்து பஸ் இல்லையாம், மணிக்கு நாலு வருகிறது. கெம்பம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஹரீஷ் முதலில் யாரிடமும் வரவில்லை. மத்தியானம் அவனாகப் போய் அப்பா மடியில் ஏறி உட்கார்ந்தான். நெஞ்சில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, சூடு என்றான். அப்பா சிரித்தார், அதைப் பார்த்து அவனும் சிரித்தான். அதிலிருந்து நாலு நாளும் அப்பாவுக்குச் சூடு மாமா என்றே பெயர். பேட மகா, மாமங்கெ ஹுஷாரில்ல என்று கெம்பம்மா கன்னடத்தில் அதட்டி, உடம்பு சரியில்லாதவரைத் தொந்தரவு செய்யாதே என்று இழுத்தாலும் அவன் இறங்கவில்லை. அப்பாவும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது, அப்பா முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சட்டையைத் தூக்கினேன். தோள்பட்டைக்குக் கீழே மூன்று, இடுப்புப் பக்கம் இரண்டு, உள்ளே நீர் கோத்து முத்து முத்தாக இருந்தது. கூலண்ட் தடிப்பில் நீர் கோக்காது. திம்மராயனுக்கு ஏழு வயதில் அம்மை வந்தபோது பக்கத்தில் இருந்து வேப்பிலையால் வருடிவிட்டவளே நான்தான், பார்த்ததும் தெரிந்துவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் வேப்பங்கொத்து ஒன்று ஒடித்தேன். அதை வாசலில் கட்டிவிட்டால் அம்மன் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள், வீட்டில் தாளிப்பு இல்லை, தேரும் இல்லை, சின்னப் பிள்ளையோடு வந்தவர்கள் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே தம்பி எழுந்து அப்பாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒன்பது வருஷமாகக் கேட்காத சத்தம். இன்றைக்குப் போனால் இவன் மறுபடி வருவானா என்று தோன்றியது. மூன்று நாள்தானே, அவர்கள் போன பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. தாயே, மூணு நாள் பொறுத்துக்கோ என்று அம்மனிடமே கேட்டேன். கேட்டுவிட்டுக் கொத்தை மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வந்து, கூலண்ட்தாங்க, சட்டையைக் கழட்டாதீங்க, பிள்ளைங்க பயந்துக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பினார். நான் சொல்லி அவர் எதை நம்பாமல் இருந்திருக்கிறார். வீட்டில் யாருக்கு என்ன உடம்பு, என்ன மருந்து என்று நோட்டில் தேதி போட்டு எழுதுகிற வழக்கம் எனக்கு உண்டல்லவா, அன்றைய பக்கத்தில், அவருக்கு வேர்க்குரு, என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. அப்பா டம்ளரைத் தனியாக வைத்தேன், துண்டைத் தனியாக வைத்தேன், பையனைத் தூக்காதீங்க என்று கண்ணைக் காட்டினேன். எதுக்குடி பிள்ளையைத் தொட வேண்டாங்கற, தொட்டா தேஞ்சா போயிடுவான் என்றார். அன்று மத்தியானம் அவர் சோர்வாக இருக்கிறது என்று படுத்துக்கொள்ள, நாங்கள் தேருக்குப் போனோம். வெயில், கூட்டம், சின்னவனை விட்டுட்டுப் போலாம் என்று கெம்பம்மா சொன்னாள். தேர் பார்க்கத்தான வந்தோம், என் பையன் என் தோள்மேல உக்காந்து பாப்பான், உனக்கென்ன என்று தம்பி பிடிவாதமாகத் தூக்கிவந்தான். இதைக் கவனித்துக்கொள், இதனால்தான் இந்தக் கடிதமே. ஞாயிற்றுக்கிழமை அவன் ஆசைப்பட்டான் என்று கோழிக் குழம்பும் களியும் செய்தேன். அம்மன் வந்திருக்கிற வீட்டில் கடுகு வெடிக்க வெடிக்கத் தாளித்தேன், ஒவ்வொன்றும் என்மேல் தெறிப்பது போல இருந்தது. சாயந்திரம் அவர்கள் கிளம்பினார்கள். வரோம்க்கா என்றான். பையன் அப்பாவுக்குக் கையை ஆட்டி, சூடு மாமா, டாட்டா என்றான்.

திங்கட்கிழமை காலை வாசலில் வேப்பிலை கட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, நல்லவேளை, பிள்ளைங்க போன பிறகு அம்மன் வந்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதையே தம்பியிடமும் போனில் சொன்னார். ஒன்பது நாளில் மூன்று தண்ணீரும் ஊற்றி அவருக்குக் குணமாகிவிட்டது.

மார்ச் 29ஆம் தேதி ஹரீஷுக்குக் காய்ச்சல். பல் முளைக்கிற காய்ச்சல் என்று இரண்டு நாள் வைத்திருந்தார்கள். முத்து போட்டதும் வேப்பிலை விரித்துப் படுக்கவைத்தார்கள். சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு வாங்கி, தேன்கனிக்கோட்டைக்குத் தூக்கிப்போய், அங்கிருந்து ஓசூருக்கு அனுப்பினார்கள். நான் ஓடினேன். நான்கு நாளும் கெம்பம்மாவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இருந்தேன். நர்ஸ் வந்து, வேற யாருக்காச்சும் அம்மை இருந்துச்சா என்று கேட்டு எழுதினாள். எங்க மாமாவுக்கு வந்துச்சும்மா, ஆனா நாங்க ஊருக்குத் திரும்பிட்ட பிறகுதான், தேர்க் கூட்டத்துக்கு நான்தான் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனேன், அங்கதான் ஒட்டியிருக்கும் என்றான் தம்பி. நர்ஸ் என்னையும் பார்த்தாள். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன் சௌமியா. ஏப்ரல் 6 ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் பிள்ளை போய்விட்டான். ஆளையே அடையாளம் தெரியாமல் உடம்பெல்லாம் முத்து. கையில் வாங்கியபோது சில்லென்று இருந்தான்.

அம்மன் கூட்டிட்டுப் போயிட்டா என்று ஊரே சொல்கிறது. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவள் முன்கூட்டியே வந்து அடையாளம் காட்டினாள், நான்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டேன். வியாழக்கிழமையே பிள்ளை அப்பா மடியில் ஏறிவிட்டானே, வெள்ளிக்கிழமை நீ சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று நீ கேட்பாய். அதை நானே நூறு தடவை கேட்டுக்கொண்டேன். ஒருவேளை ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் தெரிந்திருந்தால் அவர்கள் அதைப் பல் காய்ச்சல் என்று நினைத்திருக்க மாட்டார்கள், முதல் நாளே டாக்டரிடம் போயிருப்பார்கள். அந்த இரண்டு நாளை நான் எடுத்துக்கொண்டேன். உன்னால்தான் மாமா வராமல் இருந்தார், அதனால்தான் அம்மா மறைத்தாள் என்று தயவுசெய்து கணக்குப் போடாதே. நீ உன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டாய். வேப்பங்கொத்து இருந்தது என் கையில்.

இதோடு முடிந்திருந்தால் செத்தாலும் வெளியே சொல்லாமல் இருந்திருப்பேன். கெம்பம்மா தம்பியோடு பேசுவதில்லை. தேரு தேருன்னு துடிச்சது நீதான, போய் இன்னொரு தேரு பாரு என்று பதினாறாம் நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோட்டத்துக்குப் போவதில்லை, முட்டைகோஸ் வெடித்துக் கிடக்கிறதாம். பிள்ளையைத் தூக்கிப்போன அந்தத் தோளில் துண்டு போடுவதைக்கூட விட்டுவிட்டான். தினமும் ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்கிறான். நான்தான்க்கா கொன்னுட்டேன், உன்கிட்ட பேசினாத்தான் ஒரு வாய் சோறு இறங்குது என்கிறான். இல்லப்பா, அப்படிச் சொல்லாத என்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன்மேல் இருப்பது இறங்கிவிடும். அந்த வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது. ஒன்பது வருஷம் கழித்துக் கிடைத்த தம்பி, ஒவ்வொரு நாளும் அக்கா அக்கா என்கிறான். உண்மை தெரிந்தால் அதுவே கடைசிப் போன்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல, நடுவுல இந்தப் பொண்ணு கெட்டுப்போயிடும், ஜூன்ல இருந்து கவிப்ரியா உங்க வீட்ல இருந்து ஓசூர்ல படிக்கட்டும்க்கா, உன்னைத் தவிர யாரை நம்பி விடுவேன் என்றான் தம்பி. அக்கா பார்த்துக்கிட்டா எனக்கு ஒண்ணும் பயமில்ல என்று கெம்பம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்குச் சந்தோஷம், இப்போதே ஸ்கூல் விசாரிக்கக் கிளம்பிவிட்டார். மே 30ஆம் தேதி கொண்டுவந்து விடுகிறார்கள். மிச்சம் இருக்கிற ஒரு பிள்ளையை, தெரியாமல், என் கையிலேயே கொடுக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு அவள் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்ப என்னால் முடியுமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டால் தம்பி நிமிர்வான், கெம்பம்மா அவனோடு பேசுவாள், எனக்கு அவர்களும் இல்லை, கவிப்ரியாவும் இல்லை, அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதும் தெரியவில்லை. தன் மடியிலிருந்துதான் பிள்ளைக்குப் போனது என்று தெரிந்தால் அவர் தாங்குவாரா என்பது அதைவிடப் பயம்.

உனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை, ஞாபகம் வைத்துக்கொள். அங்கே அதற்கு ஊசி இருந்தால் நாளைத் தள்ளாமல் நீயும் மாப்பிள்ளையும் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றைக் காயப்போடாதே. நான் என்ன செய்திருந்தாலும் என் ஆசீர்வாதம் உனக்குப் பலிக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு. கடிதம் போய்ச்சேரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று போஸ்டாபீசில் சொன்னார்கள், நீ எழுதுவது வரவும் அவ்வளவு ஆகும், மே 30க்குள் எனக்குக் கிடைக்க வேண்டும். தம்பியிடம் சொல்லிவிடட்டுமா, வேண்டாமா என்று எழுது. வேண்டாம்மா, விட்டுடு என்று நீ எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு நான் சொல்லாமல் இருந்துவிடுவேன், அதனால் என்மேல் இரக்கப்பட்டு எழுதாதே, யோசித்து எழுது. சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சரஸ்வதி