ஓட்டுக்குச் சொன்ன பேர்

கோவிந்தாபுரம்
28-3-77

சிரஞ்சீவி ஈஸ்வரமூர்த்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடு கன்றும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம், பிலாயில் உன் வயிற்று வலி விட்டதா, இன்னும் அந்த மெஸ் சாப்பாடுதானா என்று மறு தபாலில் எழுது. ஆழியாற்றுத் தண்ணீர் இந்த முறையும் நம் கடைமடைக்கு எட்டவில்லை, கடலைக்காடு காய்கிறது, கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்கிறார்கள். அது கிடக்கட்டும். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் பொள்ளாச்சியிலிருந்து உன் அப்பா ஒரு கடிதம் போட்டிருப்பார். உன் அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள், நான் வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று எழுதியிருப்பார். அது பொய். நீ சந்தோஷப்பட்டு ஏதாவது பதில் எழுதி வைக்காதே. நடந்ததை நானே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எலெக்‌ஷனுக்கு நம் பள்ளிக்கூடத்துப் பூத்துக்கு வந்த பெரிய ஆபீசர் கோட்டயத்துக்காரர், கேரளா சர்க்கார் நம் எல்லையோரத்து ஊருக்கும் மலையாளத்தாரைத்தான் அனுப்புகிறது. லிஸ்டில் பெண்கள் எல்லாரும் இன்னார் மனைவி என்றுதான் இருக்கிறார்கள், புருஷன் பேரைக் கேட்டால் நம் பெண்கள் வாயைத் திறப்பார்களா. போன தடவை அப்படி எத்தனையோ பேரைக் கள்ள ஓட்டு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் பெண்களை அடையாளம் சொல்ல ஓர் ஆள் வேண்டும், மகிளா சமாஜத்துக் காரியதரிசி நீதானே, வந்து உட்கார் என்று வில்லேஜ் ஆபீசர் வீடு தேடி வந்து கேட்டார். நானும் சரி என்றேன். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. எழுபத்தொன்றில் நான் போவதற்குள் என் ஓட்டை எவளோ போட்டுவிட்டுப் போயிருந்தாள். இந்தத் தடவை அங்கேயே உட்கார்ந்திருந்தால் என் ஓட்டு எங்கே போய்விடும் என்று நினைத்தேன்.

காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு வாய் காபிக்கு எழுந்திருக்க விடவில்லை. ஒருத்தி புருஷன் பேரைக் கேட்டால் தலையை ஆட்டுகிறாள், ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறாள். மேற்குத் தெரு சரஸ்வதியம்மாள், எங்க ஊட்டுக்காரரு பேரு ஈரோட்டுக்குப் பக்கத்துல முருகன் கோயில் இருக்கற மலைங்க என்றாள், கோட்டயத்துக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சென்னிமலை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இப்படியே ஒவ்வொருத்தி புருஷன் பேரையும் நான்தான் சொன்னேன். மத்தியானத்துக்குள் நூறு ஆம்பிளை பேராவது என் வாயில் வந்திருக்கும். ஏன்டி, சர்க்கார் காரியத்துக்குச் சொன்னால் அவன் ஆயுசா குறைந்துவிடும் என்று எல்லாரையும் திட்டவும் செய்தேன். எனக்கு அந்த வாய் எப்போதும் உண்டு, உனக்குத் தெரியும்.

மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்தது. என் ஓட்டைப் போட்டுவிடுகிறேன் என்று எழுந்து போய் நின்றேன். நம்பரைப் பார்த்துச் சீட்டைக் கிழிக்கப் போகும்போது கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த நல்லமுத்து ஆட்சேபனை என்று எழுந்தான். உன் அப்பாவின் பங்காளிதான், தைப் பொங்கலுக்கு நம் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவினவன். நான் அவன் கட்சிக்குப் போட மாட்டேன் என்று தெரியும். லிஸ்டில இருக்கற ஆளோட சம்சாரம் பொள்ளாச்சியில இருக்குதுங்க, இந்தம்மா ஆருன்னு எனக்குத் தெரியாதுங்க என்றான். அத்தனை பேருக்கு நடுவில். காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பேர் சொன்னவள் நான், அந்த ஆபீசராவது அவனை உட்காரச் சொல்ல வேண்டாமா. அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, புருஷன் பேர் என்ன என்று என்னையே கேட்டார். பின்னால் நின்ற சரஸ்வதியம்மாள் நான் சொல்றேனுங்க என்று வந்தாள். வேறு ஆள் சொன்னால் ஆகாது, அம்மா தன்னே சொல்லணும் என்று மலையாளத் தமிழில் சொல்லிவிட்டார்.

பதினொரு வருஷம் ஈஸ்வரா. நான் மரியாதைக்காகத்தான் அந்தப் பேரைச் சொல்லாமல் இருக்கிறேன் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பொள்ளாச்சியில் அந்தப் பொம்பளை வீட்டுக்குப் போன அன்றைக்கு, இனி என் வாயில் இந்தப் பேர் வராது என்று வெறுப்பில் வைத்த சத்தியம் அது. உன் பள்ளிக்கூட அப்ளிகேஷனில்கூட உன்னைத்தானே எழுதச் சொன்னேன். திரும்பி வந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நல்லமுத்து சிரித்துக்கொண்டிருந்தான். காளிச்சாமி என்றேன். வெளியே வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பார்லிமெண்டுக்கும் அசெம்பிளிக்குமாக இரண்டு சீட்டையும் வாங்கிக் குத்திவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்து, மீதிப் பேருக்கும் பேர் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ்ஸிலேயே சேதி பொள்ளாச்சிக்குப் போய்விட்டது. என்னவென்று போயிற்று தெரியுமா, கமலாத்தாள் மனசு இறங்கிவிட்டாள், நாலு பேர் முன்னால் புருஷன் பேரைச் சொல்லிக்கொண்டாள் என்று. பெரிய மனுஷிகள் வேறு வீட்டுக்கு வந்து, இனி என்ன, கூப்பிட்டுக்கொள் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவரே ஒரு சீப்புச் செவ்வாழையோடு வந்து நின்றார். தலை பூராவும் நரைத்துவிட்டது. வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா, மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, எம் பேரச் சொன்னியாமா கமலா, எனக்கு முன்னால ஒருக்கா சொல்லு, கேக்கறேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் சத்தம் போடவில்லை. ஓட்டு அன்னைக்கே முடிஞ்சுதுங்க, பொள்ளாச்சி பஸ்சு அஞ்சு மணிக்குங்க என்றேன். அந்த பஸ்ஸுக்கே எழுந்து போனார். பழத்தை மாட்டுக்குப் போட்டேன்.

நல்லமுத்து மேலும் அந்த ஆபீசர் மேலும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் ராத்திரி தூக்கம் வராததற்கு அது காரணமில்லை. பதினொரு வருஷம் நெஞ்சில் கல்லாக வைத்திருந்த பேர், சொன்னால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்த பேர். சொல்லிப் பார்த்தால், காலையிலிருந்து சொன்ன நூறு பேரில் அதுவும் ஒன்றாக இருந்தது. இதற்கா இத்தனை வருஷம் இப்படிக் கிடந்தேன் என்றுதான் அழுதேன்.

அவர் உன் அப்பா, நீ கடிதம் எழுதுவதை நான் தடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டாள் என்று மட்டும் எழுதாதே. காரம் குறைத்துச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறக்காதே. மாரியம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். நூறு வயது இரு.

இப்படிக்கு உன் அம்மா
கமலாத்தாள்