மழை டயர்

கண்ணு,

நாளிதழ் பார்த்திருப்பாய். 'அணி மேலாளர் தாமாகவே விலகினார்' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். முதலாளி பெரிய பூங்கொத்து அனுப்பியிருக்கிறார். வீட்டில் அவ்வளவு பெரிய ஜாடி இல்லை, பக்கெட்டில் நிற்கிறது.

டிவியில் ஒருத்தர், "பெத்த பாசம் கண்ணை மறைச்சிடுச்சு, கையில இருந்த ரேஸைக் கோட்டை விட்டுட்டாங்க" என்று பொரிந்து தள்ளினார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயராயிற்றே, அழுகை வரும் என்று காத்திருந்தேன். கொட்டாவிதான் வந்தது. சோபாவிலேயே தூங்கிப்போனேன்.

நீதான் இன்னும் பேச மாட்டேன் என்கிறாய். நீ முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தாய். தூறல் விழுந்ததும் மழை டயர் மாற்ற உள்ளே கூப்பிட்டேன். "நல்லாத்தானே போயிட்டிருக்கேன், ஏன் மேடம்?" என்று ரேடியோவில் கத்தினாய். நாம் அதில் பேசுவதை ஊரே கேட்கும். "ஏழாம் நம்பர், உள்ள வாங்க" என்பதற்கு மேல் ஒரு மேடம் என்ன சொல்ல முடியும்? டயர் மாற்றி முடிப்பதற்குள் தூறல் நின்றுவிட்டது. ஐந்தாவதாக வந்தாய்.

நாளைக்கே அதே தூறல் விழுந்தாலும் கூப்பிடுவேன். நல்லவேளை, இனி அது என் வேலை இல்லை.

அடுத்த ரேஸுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன், கடைசி வளைவுக்கு எதிரே. அங்கே உட்கார்ந்து, "மெதுவாப் போடி கண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்தப் போகிறேன். இன்ஜின் சத்தத்தில் உனக்குக் கேட்காது. எனக்கும் வேலை போகாது.

இனி மேடம் இல்லாத,
உன் அம்மா